சம்பளம் இல்லாத விரிவுரையாளர்: பெங்களூரில் ஒரு தன்னார்வச் சேவையுடன் ஒரு பருவம்

ஓய்வு பெற்றவர்களையும் பணியில் இருக்கும் வல்லுநர்களையும் சம்பளம் இல்லாத விரிவுரையாளர்களாகப் பட்டப்படிப்புக் கல்லூரிகளுக்கு அனுப்பிவைக்கும் தன்னார்வச் சேவைகள் பெங்களூரில் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்றின் வழியாகக் கடந்த பருவத்தில் பதினாறு வாரங்கள் ஓர் அரசு முதல்நிலைக் கல்லூரியில் பி.காம். மாணவர்களுக்கு அடக்கவிலைக் கணக்கியல் கற்பித்தேன். சேவையின் பெயரையும் கல்லூரியின் பெயரையும் இங்கே எழுதவில்லை. குறைகளைச் சொல்ல வேண்டிய இடங்களில் அந்தப் பெயர்கள் அங்கே படிக்கும் பிள்ளைகளையும், மிகக் குறைந்த ஊதியத்தில் அவர்களுக்காக உழைக்கும் ஆசிரியர்களையும் அடையாளம் காட்டிவிடும் என்பதே காரணம். இதே போன்ற ஒரு சேவையில் சேர எண்ணுகிறவர், கையெழுத்திடும் முன் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு என் அனுபவம் உதவினால் போதும். மதிப்பெண் கேட்பவர்களுக்காக: ஐந்துக்கு மூன்றரை தருவேன். வகுப்பறை அனுபவத்துக்கு மட்டும் என்றால் தயங்காமல் ஐந்து.

நான் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கணக்குத் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றியவள்; அல்சூரில் வசிக்கிறேன். எம்.காம். பட்டம் இருக்கிறது, கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதியதில்லை. உதவிப் பேராசிரியர் பதவிக்கு என்னைப் போன்றவர் விண்ணப்பிக்க இயலாது. தன்னார்வலராக வகுப்பில் நிற்க அந்தத் தடை இல்லை. சேவையில் பதிவு செய்வது எளிதாகவே இருந்தது. பட்டச் சான்றிதழ், பணி அனுபவச் சான்று, ஆதார் நகல் ஆகியவற்றைக் கொடுத்த பிறகு இருபது நிமிட நேர்காணல் ஒன்று நடந்தது. எந்தப் பாடம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கன்னடம் எந்த அளவுக்குத் தெரியும் என்ற மூன்றையும் தெளிவாகக் கேட்டார்கள். கன்னடம் பற்றி அவர்கள் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. அது எவ்வளவு முக்கியமான கேள்வி என்பதைப் பின்னால்தான் முழுமையாக உணர்ந்தேன்.

இரண்டு நாள் பயிற்சியைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. முதல் நாள் முழுவதும் வரவேற்பு உரைகளிலும் சேவையின் வரலாற்றிலும் கழிந்தது. இரண்டாம் நாள் பிற்பகலில் மட்டும், ஓய்வு பெற்ற ஒரு வணிகவியல் பேராசிரியர் ஒன்றரை மணி நேரம் பேசினார். பாடத்திட்டத்தை அலகுகளாகப் பிரித்துக்கொள்வது, பழைய வினாத்தாள்களைப் பார்த்து எந்த அலகுக்கு எவ்வளவு நேரம் தேவைப்படும் என்று கணிப்பது, கரும்பலகையை மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுவது ஆகியவற்றை அவர் செய்தே காட்டினார். பதினாறு வாரமும் எனக்குக் கைகொடுத்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான். இந்தப் பயிற்சியை அவரைப் போன்றவர்களிடமே முழுவதுமாக ஒப்படைத்திருக்கலாம்.

என் வகுப்பின் பதிவேட்டில் அறுபத்து நான்கு பெயர்கள் இருந்தன. சாதாரண நாளில் நாற்பது பேர் வருவார்கள். அவர்களில் ஒன்பது பேர் கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர்கள். 2001 இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு அந்த ஊரின் பிழைப்பே பெங்களூரை நோக்கித் திரும்பியதை அறிந்தவர்களுக்கு, விடியலில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி வரும் இந்தப் பிள்ளைகளின் நாள் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அவர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் கன்னட வழியில் படித்திருக்கிறார்கள், கல்லூரியில் ஆங்கிலப் பாடநூலை எதிர்கொள்கிறார்கள். கணக்கு அவர்களுக்குக் கடினமாக இல்லை. கணக்கைக் கேட்கும் வாக்கியம்தான் கடினமாக இருக்கிறது. இதை நான் புரிந்துகொள்ள மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை நான் விளக்கியதையே மேலும் மெதுவாக விளக்கிக்கொண்டிருந்தேன்.

நான்காம் வாரத்திலிருந்து பலகையில் மூன்று பத்தி வந்தது. ஆங்கிலச் சொல், அதன் கன்னடச் சொல், அதற்கு அன்றாட வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. நிலைச் செலவுக்கு ‘ஸ்திர வெச்ச’ என்றும், மாறும் செலவுக்கு ‘பதலாகுவ வெச்ச’ என்றும் எழுதினேன். எனக்குக் கன்னடம் பேச வரும், பிழையின்றி எழுத வராது. எழுத்துப்பிழைகளை முன்வரிசை மாணவர்கள் எழுந்து வந்து திருத்தினார்கள். அந்தத் திருத்தத்துக்குப் பிறகே வகுப்பு என்னிடம் கேள்வி கேட்கத் தொடங்கியது.

சமநிலைப் புள்ளி பாடத்தை நடத்திய நாளை நான் மறக்கப் போவதில்லை. ஒரு காபிக் கடையை எடுத்துக்கொண்டேன். மாத வாடகையும் ஆள் கூலியும் சேர்ந்து 30,000 ரூபாய்; ஒரு காபி 15 ரூபாய்; அதில் பால், தூள், சர்க்கரை, எரிவாயுவுக்கு 9 ரூபாய். மிஞ்சும் 6 ரூபாயால் வகுத்தால் மாதம் 5,000 காபி விற்றால்தான் கடைக்கு நட்டமில்லை. இருபத்தாறு நாள் திறந்திருக்கும் கடை என்றால் நாளொன்றுக்குக் குறைந்தது 193. எல்லோரும் எழுதி முடித்த பிறகு, தந்தை தள்ளுவண்டியில் காபி விற்கிற ஒரு மாணவி எழுந்து, “மேடம், பை டூ கேட்கிறவர்களை இதில் சேர்க்கவில்லையே” என்றாள். இந்த ஊரில் ஒரு காபியை இருவர் பகிர்ந்து குடிப்பது வழக்கம். இரண்டு கோப்பையும் நிறைந்ததாகத் தெரியவேண்டும் என்பதற்காக அவள் தந்தை சற்றுக் கூடுதலாகப் பால் ஊற்றுவாராம். அப்படியானால் அந்தக் காபிக்கு மாறும் செலவு 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். விற்பனையில் பாதி பை டூ என்றால் சராசரியாக மிஞ்சுவது ஐந்தரை ரூபாய். சமநிலைப் புள்ளி 5,455 காபிக்கு நகர்கிறது. ஒரு நாளுக்கு 210. விற்பனைக் கலவை மாறினால் சமநிலைப் புள்ளியும் மாறும் என்று பாடநூல் இரண்டு பக்கத்தில் சொல்வதை, அவள் எழுப்பிய ஒரே கேள்வி பத்து நிமிடத்தில் வகுப்பு முழுவதற்கும் புரியவைத்துவிட்டது. அந்த நாளுக்காக மட்டுமே இன்னொரு பருவம் நான் போகத் தயாராக இருக்கிறேன்.

இனி, ஒன்றரை மதிப்பெண்ணைக் குறைத்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் ‘கௌரவ விரிவுரையாளர்’ என்றால் தொகுப்பூதியம் பெறுபவர். கர்நாடகத்தில் அவருக்கு ‘அதிதி உபன்யாசகர்’ என்று பெயர். இந்த மாநிலத்தில் நானூறுக்கும் மேற்பட்ட அரசு முதல்நிலைக் கல்லூரிகள் பத்தாயிரத்துக்கும் அதிகமான இந்த விருந்தினர் விரிவுரையாளர்களை நம்பித்தான் நடக்கின்றன. 2022 ஜனவரியில் மாநில அரசு அறிவித்த உயர்வுக்குப் பிறகு, தகுதியையும் அனுபவத்தையும் பொறுத்து அவர்களுக்கு மாதம் 26,000 முதல் 32,000 ரூபாய் வரை என்று ஆயிற்று. 2023 இன் இறுதியில் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடினார்கள். போராட்டம் 2024 ஜனவரி வரை நீண்டது. பல்கலைக்கழக மானியக் குழுவோ விருந்தினர் ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று 2019 இலேயே பரிந்துரைத்திருந்தது. இந்தப் பின்னணியில், ஒருவர் சம்பளமே வாங்காமல் அதே வகுப்பில் வந்து நிற்பதன் பொருள் என்ன என்பதை ஒவ்வொரு தன்னார்வலரும் எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

எனக்கு ஒதுக்கப்பட்டது வாரம் நான்கு மணி நேரம். அது துணை வகுப்பு, அதாவது பாடத்தை நடத்தும் ஆசிரியருக்குப் பக்கபலமாகப் பயிற்சிக் கணக்குகளைச் செய்யவைப்பது என்றுதான் சேவையின் கடிதத்தில் இருந்தது. ஏழாம் வாரத்தில், இன்னொரு பாடத்துக்கான விருந்தினர் விரிவுரையாளரின் நியமன ஆணை வரத் தாமதமாகிறது, அதுவரை அந்தப் பாடத்தையும் நடத்துங்கள் என்று கல்லூரியில் கேட்டார்கள். பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே என்று ஒப்புக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து, அந்த நியமனத்துக்காகக் காத்திருந்த இளைஞர் ஆசிரியர் அறையில் என்னைச் சந்தித்தார். அவர் கோபப்படவில்லை. “நீங்கள் நடத்திக்கொண்டிருக்கும் வரை என் கோப்பு நகராது, அம்மா” என்று மட்டும் சொன்னார். நெட் தேர்ச்சி பெற்று, ஆறு ஆண்டுகள் விருந்தினராகவே பாடம் நடத்தியவர் அவர். அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், நான் செய்வது உதவியா, ஒருவருடைய சம்பளத்தைத் தடுப்பதா என்ற கேள்வி என்னை விடவில்லை.

மறுநாளே அந்தக் கூடுதல் வகுப்பை நிறுத்திக்கொள்வதாகக் கல்லூரிக்கும் சேவைக்கும் எழுதினேன். சேவையின் ஒருங்கிணைப்பாளர் அன்றைக்கே தொலைபேசியில் அழைத்தார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். என் முடிவை மதித்தார். ஆனால், ‘ஊதியம் பெறும் விரிவுரையாளரின் இடத்தில் தன்னார்வலரை நிறுத்தக் கூடாது’ என்ற விதி கல்லூரியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கேட்டபோது, அப்படி எழுத்தில் ஏதும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். நல்ல மனம் படைத்த மனிதர்கள் நடத்தும் ஒரு சேவையில் இந்த ஒரு வரி விடுபட்டிருப்பதை என்னால் சிறு குறையாக எண்ண முடியவில்லை. அந்த இளைஞரின் ஆணை பதினொன்றாம் வாரத்தில் வந்தது. நான் விலகியதால்தான் வந்தது என்று சொல்லமாட்டேன்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 இல் வெளியிட்ட ‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ நெறிமுறையை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். துறையில் குறைந்தது பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர்களை, முனைவர் பட்டம் போன்ற வழக்கமான தகுதிகள் இல்லாமலே கல்லூரிக்குள் அழைக்க அது வழி செய்கிறது. தொழில்துறையின் நிதியில், கல்வி நிறுவனத்தின் சொந்த நிதியில், கௌரவ அடிப்படையில் என்று மூன்று வகைகள் அதில் உண்டு. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் இப்படி அமர்த்தக் கூடாது என்ற வரம்பையும், இந்த நியமனங்கள் வழக்கமான ஆசிரியர் பணியிடங்களைப் பாதிக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் அது சேர்த்தே சொல்கிறது. தன்னார்வச் சேவைகள் அந்த நிபந்தனையை அப்படியே எடுத்துத் தங்கள் ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளலாம். புதிதாகச் சிந்திக்க வேண்டியதுகூட இல்லை.

மற்ற விவரங்கள் சுருக்கமாக. உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணில் தன்னார்வலருக்குப் பங்கு இல்லை. அது சரியான ஏற்பாடு என்றே கருதுகிறேன், மாணவர்கள் தங்கள் தவறுகளை மறைக்காமல் என்னிடம் காட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். மெட்ரோ, பேருந்துச் செலவைச் சேவை திருப்பித் தந்தது. பயிற்சித் தாள்களை நகலெடுக்க ஆன சுமார் 2,300 ரூபாய் என்னுடையது. கேட்டிருந்தால் தந்திருப்பார்களோ என்னவோ, நான் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை வகுப்பில் எடுத்த ஒளிப்படங்களை அனுப்பச் சொன்னார்கள். மாணவர்களின் முகம் தெரியும் படங்களை அனுப்ப மறுத்தேன். பலகையின் படத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

வெளியே சென்று வர இயலாதவர்களுக்கு இணையவழியிலும் இத்தகைய பணி உண்டு. 2009 இல் ஷாய் ரெஷெஃப் நிறுவிய யுனிவர்சிட்டி ஆஃப் தி பீப்பிள் போன்ற அமைப்புகள் தன்னார்வக் கல்வியாளர்களின் உழைப்பைப் பெரிதும் சார்ந்து வளர்ந்தவை. அங்கே நேரலை விரிவுரை இல்லை; விவாதங்களை வழிநடத்துவதும் எழுத்துப் பணிகளை மதிப்பிடுவதுமே ஆசிரியரின் வேலை. எழுத்தில் பொறுமையாக விளக்கத் தெரிந்தவர்களுக்கு அது பொருந்தலாம். எனக்கோ பலகையும் எதிரே நாற்பது முகங்களும் தேவைப்படுகின்றன.

சேர விரும்புகிறவர்கள் முதல் சந்திப்பிலேயே மூன்றைக் கேளுங்கள்: கல்லூரியில் உங்கள் பாடத்துக்கு ஊதியம் பெறும் ஆசிரியர் ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கிறாரா, உங்கள் வகுப்பு துணை வகுப்பு என்று கால அட்டவணையிலேயே குறிக்கப்படுமா, இடையில் கூடுதல் வகுப்பு கேட்டால் சேவை யாரிடம் பேசும். இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கன்னடம் சிறிதும் தெரியாதவர்கள், பாடத்தைத் தொடங்கும் முன் இரண்டு மாதமாவது கற்றுக்கொண்டு செல்வது மாணவர்களுக்குச் செய்யும் பெரிய உதவியாக இருக்கும்.

அடுத்த பருவத்துக்கான படிவம் சென்ற வாரம் வந்தது. வாரம் நான்கு மணி நேரம், துணை வகுப்பு மட்டும் என்று நிரப்பி, நான் கேட்ட அந்த ஒரு வரியைத் தனித்தாளில் எழுதி இணைத்து அனுப்பியிருக்கிறேன். ஒப்பந்தத்தைத் திருத்துவது பற்றி நிர்வாகக் குழு பேசவிருக்கிறது என்று ஒருங்கிணைப்பாளர் பதில் எழுதியிருக்கிறார். அது முடிவாகும் வரை காத்திருப்பேன்.