டபிள்யூஎஸ்டிஎல்லில் ஸ்கீமா இம்போர்ட்: ரிலேட்டிவ் பாதையா, முழு முகவரியா, கேட்டலாகா?

பிரவுசரில் டபிள்யூஎஸ்டிஎல் (ஒரு வெப் சர்வீஸை எப்படி அழைப்பது என்று விவரிக்கும் எக்ஸ்எம்எல் ஃபைல்) ஒழுங்காகத் திறக்கும். கிளையன்ட் கோடு உருவாக்கப் போனால் அது இம்போர்ட் செய்யும் ஸ்கீமா (தரவின் அமைப்பைச் சொல்லும் எக்ஸ்எஸ்டி ஃபைல்) கிடைக்கவில்லை என்று கருவி கையை விரிக்கும். உடனே ரிலேட்டிவ் பாதையை (முழு முகவரி இல்லாமல், இன்னொரு இடத்திலிருந்து கணக்கிடும் பாதையை) திட்டுவார்கள். என் கட்சி வேறு. பாதையில் தப்பில்லை, அதை எங்கிருந்து கணக்கிடுவது என்ற தகவல்தான் நடுவில் தொலைந்துபோகிறது.

யூஆர்ஐ முகவரிகளுக்கான தரநிலை ஆர்எஃப்சி 3986 சொல்வது இதுதான்: எந்த ஃபைலில் இம்போர்ட் இருக்கிறதோ, அந்த ஃபைலின் முகவரிதான் அடிப்படை. /சேவை/வி1/ஆர்டர்.டபிள்யூஎஸ்டிஎல்லில் ../பொது/முகவரி.எக்ஸ்எஸ்டி என்றிருந்தால், போய்ச் சேருமிடம் /சேவை/பொது/முகவரி.எக்ஸ்எஸ்டி. அந்த முகவரி.எக்ஸ்எஸ்டி வெறுமனே நாடு.எக்ஸ்எஸ்டி என்று இன்னொன்றைக் கூப்பிட்டால், பொது ஃபோல்டரில்தான் தேட வேண்டும், வி1-இல் அல்ல. சொந்தமாக ரிசால்வர் (பாதையை முழு முகவரியாக மாற்றும் கோடு) எழுதுபவர்கள் வழுக்குவது இங்கேதான்.

ஜாவாவில் இன்னும் இரண்டு பொறிகள். ஃபைலை வெறும் இன்புட்ஸ்ட்ரீமாகக் கொடுத்தால் முகவரி கூடவே போகாது. ஸ்ட்ரீம்சோர்ஸில் செட்சிஸ்டம்ஐடி வைத்தாக வேண்டும். ஃபைல் ஜாருக்குள் (ஜாவாவின் ஜார் தொகுப்புக்குள்) இருந்தாலோ, யூஆர்ஐ கிளாஸின் ரிசால்வ் நாம் கொடுத்த ரிலேட்டிவ் பாதையை அப்படியே திருப்பித் தரும், எரர்கூட வராது. பழைய யூஆர்எல் கிளாஸ் இதைச் சரியாகக் கையாளும்.

முழு முகவரி எழுதினால் இந்தக் கணக்கே வேண்டாம். ஆனால் டெஸ்ட் சர்வரின் டபிள்யூஎஸ்டிஎல் புரொடக்‌ஷன் ஸ்கீமாவை இழுத்துக்கொண்டு நிற்கும். சர்வரே முகவரியை எழுதித் தரும் இடங்களில் உள் நெட்வொர்க்கின் பெயர் வந்து உட்கார்ந்துவிடும். பிராக்ஸிக்கு வெளியே இருப்பவருக்கு அதனால் பயனில்லை.

எல்லா ஸ்கீமாவையும் ஒரே ஃபைலுக்குள் திணிப்பது மூன்றாவது வழி. டாட்நெட் 4.5 முதல் டபிள்யூசிஎஃப் (மைக்ரோசாஃப்டின் வெப் சர்வீஸ் கட்டமைப்பு) இதை ?சிங்கிள்டபிள்யூஎஸ்டிஎல் என்று தானாகவே தருகிறது. வெளியாருக்குக் கொடுத்தனுப்ப வசதி. நாலைந்து சேவைகள் ஒரே ஸ்கீமாவைப் பகிர்ந்தால் நான் இதைத் தொடமாட்டேன்.

நெட் இல்லாமல் பில்ட் ஓட வேண்டுமென்றால் ஒயாசிஸ் எக்ஸ்எம்எல் கேட்டலாக்தான்; எந்த முகவரிக்குப் பதில் எந்த உள்ளூர் ஃபைலை எடுக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல் அது. ஜாவாவில் கிளையன்ட் கோடு உருவாக்கும் டபிள்யூஎஸ்இம்போர்ட்டில் -கேட்டலாக் ஆப்ஷன் இருக்கிறது. டபிள்யூஎஸ்டிஎல்லைத் திருத்தவே வேண்டாம். இடைஞ்சல் ஒன்று உண்டு: முழு முகவரியையே குறிப்பிடும் பதிவுகளில் அது எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பல கருவிகள் ரிலேட்டிவ் பாதையை முழு முகவரியாக மாற்றிய பிறகே கேட்டலாக்கைப் பார்க்கும். பொருந்தாவிட்டால் சத்தமில்லாமல் நெட்டுக்குப் போய்விடும். அதனால் கேட்டலாக் எழுதியதும் நெட்டைத் துண்டித்து ஒருமுறை பில்ட் ஓட்டிப் பாருங்கள். எந்த முகவரி பொருந்தவில்லை என்பது எரரிலேயே தெரியும். அதை அப்படியே எடுத்துக் கேட்டலாக்கில் ஒட்டினால் போதும்.