எலிக் கூண்டு பாட்டில்: ஐந்துக்கு மூன்று

எலிக்கு ஒரு பாட்டிலில் தண்ணீர், இன்னொன்றில் 20 சதவீத எத்தனால் (மதுவில் இருக்கும் ஆல்கஹால்) வைத்து, எதை எவ்வளவு குடிக்கிறது என்று அளப்பது என் வேலை. உடல் எடைக்குக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் பெண் எலிகள்தான் எத்தனாலை அதிகம் குடிக்கும். சூலகத்தை நீக்கினால் குறைவதையும், எஸ்ட்ரடையோல் என்ற பெண் ஹார்மோனைக் கொடுத்தால் மறுபடி ஏறுவதையும் பல சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். வித்தியாசம் என்னவோ சில மில்லிதான். அங்கேதான் இந்தப் பாட்டில் காலை வாரிவிட்டது. கூண்டை லேசாக நகர்த்தினாலே குழாய் முனையில் சொட்டுகிறது. ஆளில்லாத, சரி, எலியில்லாத கூண்டில் ஒரு ராத்திரி மாட்டி வைத்தேன். காலையில் 3 மில்லியைக் காணோம். எந்த ஹார்மோன் குடித்ததோ! ரப்பர் அடைப்பானை மாற்றிய அப்புறம் பரவாயில்லை. கண்ணாடி நல்ல கனம். எத்தனை முறை கழுவியும் அளவுக்கோடு அழியவில்லை. வாங்கினால் அடைப்பானைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.