கொலோனோஸ்கோபிக்கு முன்: அச்சிட்ட தாளா, வீடியோவா?

அப்பாவுக்கு ஒரே வருடத்தில் இரண்டு முறை கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை. முதல் முறை எப்படித் தயாராவது என்று கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். குடல் சுத்தமாகவில்லை என்று பரிசோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது முறை வேறு மருத்துவமனை. அங்கே 6 நிமிடத் தமிழ் வீடியோ ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். இனி யார் கேட்டாலும் வீடியோ வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

மணி, அளவு, கொய்யா, தக்காளி, கீரை கூடாது என்பதையெல்லாம் சட்டென்று பார்க்கத் தாளே வசதி. ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடலாம். நர்ஸ் நேரில் சொன்னால் தைரியம் வரும், ஆனால் ஓ.பி. கூட்டத்தில் பயந்து நிற்பவர் காதில் பாதிதான் ஏறும்.

சிக்கல் வீட்டில்தான். 2 லிட்டர் பேதி மருந்துக் கரைசலில் பாதியை முதல் நாள் மாலையும் மீதியை விடியற்காலையும் குடிக்க வேண்டும். அப்போது சந்தேகம் கேட்க யாரும் இல்லை. தாளில் 'தெளிவாகப் போக வேண்டும்' என்று மட்டும் இருந்தது. இரவு நாலைந்து முறை தண்ணீராகப் போனதும் அப்பா தெளிந்துவிட்டது என்று நினைத்து, காலைப் பங்கைக் குடிக்கவில்லை. போனது பழுப்புத் தண்ணீர்.

வீடியோவில் கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்துக் காட்டினார்கள்: பழுப்பு, ஆரஞ்சு, கலங்கிய மஞ்சள், கடைசியாகச் சிறுநீர் போலத் தெளிந்த மஞ்சள். அந்தக் கடைசி டம்ளர் மாதிரி போக வேண்டும். இரவே அப்படிப் போனாலும் காலைப் பங்கை ஏன் விடக்கூடாது என்பதற்கும் படம் இருந்தது. சிறுகுடலிலிருந்து இரவெல்லாம் வடிவது பெருங்குடலின் வலப்பக்கத்தில் படிந்துவிடுமாம். அதைக் கழுவத்தான் காலைக் கரைசல். விடியற்காலை 4 மணிக்கு அம்மா அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓட்டிக் காட்டினார். அப்பா மறுபேச்சில்லாமல் குடித்தார். பரிசோதனையும் முழுதாக முடிந்தது.

எல்லாம் வீடியோவால்தான் என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை பட்ட அனுபவமும் சேர்ந்துதான் உதவியது. அறுவை சிகிச்சை, ஆஞ்சியோ பற்றி எனக்கு அனுபவம் இல்லை. சர்க்கரைக்கு இன்சுலின், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் எதை எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடமே கேட்க வேண்டும். ஆளுக்கு ஆள் மாறுவதைப் பொது வீடியோவில் சொல்ல முடியாது.

வீடியோ கிடைத்தால் நோயாளியின் போனுக்கு மட்டும் வாங்காதீர்கள். விடியற்காலை கூடவே எழுந்து கரைசல் கலக்கப்போகிறவர் போனுக்கும் வாங்கிவிடுங்கள்.