ஒரே கோப்பா, தனித்தனி ஸ்கில்களா, எம்சிபியா? கிளவுட் வேலைக்கு ஏஐ உதவியாளரைப் பழக்குவது எப்படி

கிளவுட் அமைப்புகளைக் கோடாக எழுதி உருவாக்க உதவும் கருவி டெர்ராஃபார்ம். எதையெல்லாம் உருவாக்கியது என்று அது குறித்து வைக்கும் ஸ்டேட் கோப்பை அமேசானின் சேமிப்புச் சேவையான எஸ்3-இல் வைத்துவிட்டு, இருவர் ஒரே நேரத்தில் அதை மாற்றாமல் தடுக்கும் பூட்டுக்கென்று டைனமோடிபி என்ற டேட்டாபேஸில் டேபிள் ஒன்றைத் தனியாக உருவாக்குவது பல வருட வழக்கம். டெர்ராஃபார்ம் 1.10-இல் எஸ்3-இலேயே பூட்டும் வசதி சோதனை நிலையில் வந்தது. 1.11-இல் அது உறுதியாகி, டைனமோடிபி முறை இனி விலக்கப்படும் என்றும் அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் ஏஐ உதவியாளரிடம் பேக்எண்ட் (ஸ்டேட்டை எங்கே வைப்பது என்று சொல்லும் பகுதி) எழுதச் சொன்னால், பல நேரம் டைனமோடிபி டேபிளோடுதான் வந்து நிற்கிறது. அது படித்த பழைய கோடில் அதுதான் நிறைந்து கிடக்கிறது. ஒரு வரி சொல்லிக் கொடுத்தால் தீரும் தவறு இது. அந்த ஒரு வரியை எங்கே எழுதி வைப்பது?

பலரும் முதலில் போய் நிற்பது ஒற்றைக் கோப்பில். ப்ராஜெக்டின் வாசலில் ஏஜென்ட்ஸ்.எம்டி அல்லது கிளாட்.எம்டி என்று ஒரு கோப்பு. ஒவ்வொரு முறை வேலை தொடங்கும்போதும் உதவியாளர் அதை முழுதாகப் படித்துவிடும். எதுவும் கண்ணில் படாமல் போகாது என்பது இதன் பெரிய பலம். ஆனால் கோப்பு வளர்கிறது. நெட்வொர்க் விதி, லாம்டா (சர்வரைப் பராமரிக்காமல் ஃபங்ஷனை ஓட்டும் சேவை) விதி, அலாரம் விதி என்று சேரச் சேர, பட்டனின் நிறத்தை மாற்றும் சின்ன வேலைக்கும் உதவியாளர் அத்தனையையும் சுமக்கிறது. படிக்கும் அளவுக்கு ஏற்ப ஏறும் டோக்கன் செலவைவிட எனக்கு உறுத்துவது வேறு: நானூறு வரிகளுக்கு நடுவே இருக்கும் முக்கியமான ஒரு வரிக்கு உரிய கவனம் கிடைப்பதில்லை.

இரண்டாவது வழி ஸ்கில். இந்த அமைப்பை, கிளாட் உதவியாளரை உருவாக்கும் ஆந்த்ரோபிக் 2025 அக்டோபரில் அறிமுகப்படுத்தியது. டிசம்பரில் அதை எவரும் பின்பற்றக்கூடிய பொதுத் தரமாக வெளியிட்டது. அமைப்பு எளிமையானது. ஒரு ஃபோல்டர், அதற்குள் ஸ்கில்.எம்டி, அதன் தலையில் பெயரும் விவரணையும். தொடக்கத்தில் உதவியாளர் படிப்பது இந்த இரண்டை மட்டும்தான். கையில் உள்ள வேலை பொருந்தினால் உள்ளே இருப்பதைப் படிக்கும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் பக்கத்துக் கோப்புகளைத் திறக்கும். ஐம்பது ஸ்கில் வைத்திருந்தாலும் சுமை குறைவு.

இதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. விவரணை சரியில்லை என்றால் ஸ்கில் திறக்கவே திறக்காது. திறக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியவும் தெரியாது. ‘டெர்ராஃபார்ம் உதவி’ என்று எழுதினால் போதாது. ‘புதிய ஸ்டாக் தொடங்கும்போது, பேக்எண்ட் அல்லது ஸ்டேட் பூட்டு அமைக்கும்போது, ஸ்டேட்டை இடம் மாற்றும்போது பயன்படுத்து’ என்று எழுத வேண்டும். விவரணைக்கு 1024 எழுத்துகள் வரை இடம் உண்டு. உள்ளடக்கத்துக்குச் செலவிடும் அதே நேரத்தை இதற்கும் செலவிடுங்கள்.

மூன்றாவது எம்சிபி: உதவியாளரை வெளிக் கருவிகளோடும் தரவோடும் இணைக்கும் பொதுத் தரம். 2024 நவம்பரில் வந்தது. இதை ஸ்கில்லுக்குப் போட்டியாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. ஸ்கில் வேலை செய்யும் முறையைச் சொல்லிக் கொடுக்கிறது, எம்சிபி வேலை செய்யக் கைகளைக் கொடுக்கிறது. இப்போது அக்கவுண்டில் என்ன ஓடுகிறது, நேற்றிரவு லாக்கில் என்ன விழுந்தது என்பதையெல்லாம் எந்த எம்டி கோப்பும் சொல்லாது. ஆனால் டூல்களின் விவரங்களும் இடத்தை அடைக்கும். கமாண்ட் லைன் கருவி ஏற்கெனவே இருக்கிற இடத்தில், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் ஒரு ஸ்கில்லே பல நேரம் போதும்.

ஸ்கில்தான் என்று முடிவெடுத்த பிறகு வரும் கேள்விதான் எனக்கு முக்கியம்: எந்த இடத்தில் வெட்டுவது? சர்வீஸ் வாரியாகப் பிரிப்பதுதான் முதலில் தோன்றும். எஸ்3-க்கு ஒன்று, லாம்டாவுக்கு ஒன்று, யாருக்கு என்ன அனுமதி என்பதைக் கவனிக்கும் ஐஏஎம்-க்கு ஒன்று. பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் யாரும் சர்வீஸ் வாரியாக வேலை கேட்பதில்லை. ‘அப்லோட் ஆகும் படத்தைச் சிறிதாக்கும் ஃபங்ஷன் வேண்டும்’ என்றுதான் கேட்கிறார்கள். சிறிதாக்கிய படத்தை, அப்லோட் ஆகும் அதே எஸ்3 பக்கெட்டில் எழுதினால், அந்த எழுத்தே ஃபங்ஷனை மறுபடி எழுப்பும். தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டு பில்லை ஏற்றிவிடும். வெளியீட்டுக்கு வேறு பக்கெட் வேண்டும் என்ற விதி எஸ்3 ஸ்கில்லில் இருக்குமா, லாம்டா ஸ்கில்லிலா? இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடும். ‘நிகழ்வால் இயங்கும் ஃபங்ஷன் அமைத்தல்’ என்று வேலை வாரியாகப் பிரித்தால் அதற்கு ஓர் இடம் கிடைக்கிறது. லாம்டா அதிகபட்சம் 15 நிமிடம்தான் ஓடும் என்பது போன்ற தகவல்களை அதே ஃபோல்டரில் தனிக் கோப்பாக வைக்கலாம்.

கணக்காகச் செய்ய வேண்டியதை வாக்கியமாக எழுதாமல் ஸ்கிரிப்டாகக் கொடுங்கள். என்னென்ன மாறப்போகிறது என்று காட்டும் டெர்ராஃபார்ம் பிளானை ஜேசனாக மாற்றி, அதில் அழியப்போகும் ரிசோர்ஸ்களை மட்டும் பட்டியலிடும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் போதும். பிளான் எத்தனை ஆயிரம் வரி இருந்தாலும் உதவியாளர் படிப்பது அந்தப் பட்டியலை மட்டும்தான். ஸ்கில்லுக்குள் இப்படி ஓடும் ஸ்கிரிப்டும் இருக்கலாம் என்பதால், வெளியாட்கள் எழுதிய ஸ்கில்லை உள்ளே உள்ள ஸ்கிரிப்டைப் படிக்காமல் சேர்க்காதீர்கள். அது ஓடுவது உங்கள் அனுமதிகளோடு.

மூன்றில் எதிலும் வைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. ‘ப்ரொடக்‌ஷனைத் தொடாதே’ என்று கோப்பில் எழுதுவது ஒரு வேண்டுகோள்தான். தடுப்பது ஐஏஎம். உதவியாளருக்குப் படிக்க மட்டும் அனுமதியுள்ள ரோல் கொடுத்துவிட்டு, மாற்றங்களை அப்ளை செய்வதைத் தானியங்கி பைப்லைனிடம் விடுங்கள்.

இனி அந்தப் பூட்டு வரி. என் கணக்கில் அது ‘புதிய ஸ்டாக் தொடங்குதல்’ ஸ்கில்லுக்குப் போகும். அங்கே எழுத உட்கார்ந்தால் ஒரு வரியோடு நிற்காது. 1.10-க்கு முந்தைய பதிப்புக்கு இந்த அமைப்பு தெரியாது, எனவே முதலில் பதிப்பைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே டைனமோடிபியில் ஓடும் ப்ராஜெக்ட் என்றால், எல்லாரும் மாறும்வரை இரண்டு பூட்டையும் சேர்த்து வைக்கச் சொல்ல வேண்டும். பழைய டேபிளை எப்போது அழிக்கலாம் என்பதை மனிதரிடம் கேட்கச் சொல்ல வேண்டும்.