இரணைமடுவில் லீவுக் கூட்டத்துக்குள் தூண்டில்: குளக்கட்டா, அலைகரையா?

சித்திரை வருடப்பிறப்பு லீவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து தூண்டிலோடு கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்குப் போக நினைத்திருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குளக்கட்டில் இடம் பிடிக்க அடிபட வேண்டாம், அலைகரைக்குப் போங்கள். நானும் மச்சானும் முதல்தரமாகப் போய், சனிக்கிழமை குளக்கட்டிலும் ஞாயிறு விடியற்காலையிலிருந்து அலைகரையிலும் இருந்துவிட்டு வந்தோம். இரண்டு நாள் அனுபவம்தான். ஆனாலும் எந்தப் பக்கம் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

குளக்கட்டு என்று நான் சொல்வது வடக்குப் பக்கம் தண்ணீரை மறித்து நிற்கிற பெரிய அணையை. வானும் (மிஞ்சின தண்ணீர் வழிந்தோடுகிற இடம்) துருசும் (வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கிற மதகு) அங்கேதான். அலைகரை அதற்கு எதிர்ப்பக்கம்: கனகராயன் ஆறு வந்து சேர்கிற மேல்பகுதியும் அதன் ஓரங்களும், மாரியில் தண்ணீர் ஏறி, கோடையில் இறங்கிப் போகிற நிலம்.

நாங்கள் கடல்நீரேரியில் பழகியவர்கள். பண்ணைப் பாலத்திலோ தொண்டைமானாற்றிலோ நின்றால் வற்று, பெருக்கைப் பார்த்து எப்போது ஓரா வரும், எந்த மதகுக்குக் கிட்டக் கொடுவா நிற்கும் என்று ஓரளவுக்குக் கணக்குப் போடலாம். குளத்தில் அந்தக் கணக்கு ஒன்றும் உதவாது. தண்ணீர் ஓடாது, கடல்போல் தினமும் வற்றாது, பெருகாது, கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் ஒரே தகடாகக் கிடக்கும். வடமாகாணத்தின் மிகப் பெரிய குளம் அது, 1902இல் வேலை தொடங்கியது, நிரம்பினால் 36 அடி. அதற்குள் எங்கே மீன் நிற்கிறது என்று முதல்நாள் போகிறவனுக்கு எப்படித் தெரியும்? என் அளவில் இந்த ஒரு கேள்விதான் முக்கியம், மற்றதெல்லாம் சமாளிக்கலாம்.

குளக்கட்டின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். வாகனம் கிட்டவரை போகும். கனகாம்பிகை அம்மனைக் கும்பிட்டுவிட்டு வரலாம், பிள்ளைகளுக்குக் கச்சானும் ஐஸ்கிறீமும் கிடைக்கும், வீட்டாரோடு போனால் யாருக்கும் அலுப்பிருக்காது. ஆனால் அதே காரணத்துக்காகத்தான் லீவு நாளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, யாழ்ப்பாணம் எல்லாம் சேர்ந்து அங்கே நிற்கிறது. நாங்கள் ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்துப் பேர்கூட இல்லை. ஒன்பது மணிக்கு எனக்கு இடப்பக்கம் ஒரு குடும்பம் குளிக்கிறது, வலப்பக்கம் இரண்டு பொடியன்கள் ஓட்டுத் துண்டை எறிந்து தண்ணீரில் தத்தவிடுகிறார்கள், பின்னால் பாட்டு. அவர்களில் பிழை இல்லை, வருடப்பிறப்பு எல்லாருக்கும்தான். மீன் மட்டும் அங்கே நிற்காது.

கூட்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கல்லைத்தான் பொறுக்க முடியாது. அலை மண்ணை அரிக்காமல் இருக்க அணையின் உட்சரிவில் கருங்கல் அடுக்கியிருக்கிறார்கள், அந்த அடுக்கு தண்ணீருக்குள்ளும் இறங்கிப் போகிறது. வெயில் ஏற மீன் ஆழத்துக்குப் போய்விடும், அங்கே இரையைக் கொண்டுபோக ஈயக்குண்டு போட்டு அடியில் விட வேண்டும், அடியில் விட்டால் முள் கல்லிடுக்கில் மாட்டும். இழுத்தால் தங்கூசி (தூண்டில் நூல்) அறும். அன்று எனக்கு ஏழு முள் போனது, மச்சானுக்கு நான்கு. கிடைத்தது உள்ளங்கை அளவில் மூன்று யப்பான் (திலாப்பியா மீன்), அவையும் யாரோ பாண் துண்டு வீசிய இடத்தில் தக்கை போட்டுப் பிடித்தவை.

துருசுப் பக்கம் மீன் கூடுதலாக நிற்கும் என்று ஒருவர் சொன்னார். நிற்கலாம். ஆனால் துருசு திறந்திருந்தால் அந்த இழுவை ஆளையே கொண்டுபோகும், பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இரவு கிளிநொச்சியில் மாமா வீட்டில் தங்கிவிட்டு, ஞாயிறு நாலரைக்கு வெளிக்கிட்டு, அந்த ஊர்ப் பொடியன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு அலைகரைக்குப் போனோம். மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு இருபது நிமிட நடை. விடிகிற நேரம் கரையில் இருந்தது ஒரே ஒரு வள்ளம், முதல்நாள் பின்னேரம் விட்ட வலையை இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்ந்த ஐயா ஒருவர், நாலைந்து கொக்கு. அவ்வளவுதான்.

வெளிச்சம் வந்ததும் கண்ணில் பட்டது காய்ந்த சேற்றில் இருந்த வட்டப் பள்ளங்கள். சாப்பாட்டுக் கோப்பை அளவில், ஓரத்தில் மண் வரம்பு கட்டினதுபோல் உயர்ந்து, நடு வழித்துத் துடைத்ததுபோல் துப்புரவாக, வரிசை வரிசையாக. மேட்டில் இருந்தவை வெடித்துக் காய்ந்து கிடந்தன, தண்ணீரை நெருங்க நெருங்க ஈரம், கடைசி வரிசைப் பள்ளங்களில் இன்னும் தண்ணீர் தேங்கி நின்றது. மாடு மிதித்த அடையாளம் என்றுதான் நினைத்தேன். வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்த ஐயாதான் சொன்னார்:

“தம்பி, உந்தப் பள்ளங்களைப் பாத்தனீரோ? உது யப்பான் வெட்டின கூடு. தண்ணி இறங்க இறங்க அவரும் இறங்கி இறங்கி வெட்டுவார். கடைசிக் கூட்டில இருந்து பத்துப் பதினைஞ்சடி தள்ளிப் போடும்.”

யப்பான் என்று இங்கே சொல்கிற திலாப்பியா உண்மையில் ஆபிரிக்க மீன், 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். ஆண் மீன் ஆழம் குறைந்த இடத்தில் வாயால் மண்ணைக் கிண்டிக் கூடு செய்யும். பெண் அதில் முட்டை போட்டு, அதைத் திரும்ப வாய்க்குள் எடுத்துக்கொண்டு விலகிப் போய்விடும். ஆண் கூட்டைக் காவல் காக்கும். குனிந்து பார்த்தபோது தண்ணீருக்குள் இருந்த கூடுகளும் தெரிந்தன. ஒன்றின் மேல் ஒரு ஆண் அசையாமல் நின்றது, உடம்பு நல்ல கறுப்பு, தாடைக்குக் கீழே வெளிறி, செட்டை ஓரம் சிவந்து. பக்கத்தில் வந்த சின்ன மீனை ஒரே பாய்ச்சலில் கலைத்துவிட்டுத் திரும்பி அதே இடத்தில் வந்து நின்றது.

அலைகரையை நான் தூக்கிப் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். குளக்கட்டில் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய நீங்கள் முள்ளைத்தான் அறுத்துக்கொடுக்க வேண்டும். அலைகரையில் குளமே தன் அடியைத் திறந்து காட்டிவிட்டுப் பின்வாங்கியிருக்கிறது. போன மாதம் மீன் நின்ற இடம் இன்று காய்ந்த தரை, அதன் சரிவு அப்படியே தண்ணீருக்குள் தொடர்கிறது. பட்டமரம் நிற்கிற வரிசையைப் பார்த்தால் பழைய கரை எது என்று விளங்கும், புல் முடிகிற கோட்டைப் பார்த்தால் ஆழம் எங்கே தொடங்குகிறது என்று விளங்கும். முதல்தரம் போகிறவனுக்கு, அதுவும் இடம் மாறி மாறிப் போட்டுப் பார்க்க வழியில்லாத கூட்ட நாளில், இதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஐயா சொன்னபடி கூடுகளுக்கு மேலேயே போடாமல் அதற்கு அப்பால் போட்டோம். சின்ன முள், மண்புழு, தக்கையிலிருந்து முள்ளுக்கு மூன்றடி, ஈயம் ஒரு பொட்டு. கரையிலிருந்து நாலு பாகம் (ஒரு பாகம் ஆறடி) பின்னால் நின்றுகொள்ளுங்கள், மேட்டு நிலத்தில் தடதடவென்று நடந்தாலே கூட்டில் நிற்கிற மீன் விலகிவிடும். ஒன்பது மணிக்கிடையில் பதினாலு மீன், பெரியது அரைக் கிலோ வரும். போன முள் ஒன்றே ஒன்று, பட்டமரக் கொப்பில். வாய்க்குள் குஞ்சோ முட்டையோ இருந்த இரண்டை உடனேயே திரும்ப விட்டோம்.

ஒன்பதரைக்குப் பிறகு ஒன்றும் இல்லை. வருடப்பிறப்பை ஒட்டிய நாள்களில் சூரியன் எங்களுக்கு நேர் உச்சிக்கு வருகிற காலம், மத்தியானம் நிழல் காலுக்குக் கீழேதான் விழும். ஆழமில்லாத தண்ணீர் சுடத் தொடங்கியதும் மீன் மடுவுக்கு, அதாவது ஆழமான பள்ளத்துக்குப் போய்விடுகிறது. இரணை என்றால் இரட்டை, பெயரிலேயே இரண்டு மடு இருக்கிறது. அந்த நேரத்தில் குளக்கட்டின் ஆழம்தான் மேல் என்று ஒருவர் வாதாடினால் நான் மறுக்க மாட்டேன்.

விரால் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், ஒன்றும் கொளுவவில்லை. தைப்பொங்கல் லீவில் குளம் நிரம்பி நிற்கும்போதும் நான் அங்கே போட்டதில்லை. அப்போது இந்தக் கூடெல்லாம் தண்ணீருக்குக் கீழே போயிருக்கும், அலைகரையின் பெரிய அனுகூலமே இல்லாமல் போகும் என்றுதான் நினைக்கிறேன். வைகாசிக்குப் பிறகு சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பினால் அலை குளக்கட்டுப் பக்கம் அடிக்கும், அது மீனைக் கொண்டுவருமா, கலைக்குமா என்பது பழகினவர்கள் சொல்ல வேண்டியது.

வள்ளம் கேட்டுப் போகலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வேண்டாம். அது மீன்பிடிச் சங்கத்து ஆள்களின் தொழில். அவர்களுடைய வலை மிதப்புகளுக்குக் குறுக்கே தூண்டிலும் எறியாதீர்கள், நீங்கள் வலை கொண்டுபோகவும் வேண்டாம். குளத்தில் விடுகிற குஞ்சுகளை நம்பித்தான் அவர்கள் வருடம் முழுக்க இருக்கிறார்கள்.

அலைகரையின் பயம் வேறு. முதலை இருக்கிற குளம், முழங்கால் தண்ணீரில் இறங்கி நிற்பதோ கரையில் குந்தியிருந்து மீன் வெட்டுவதோ கூடாது. யானையும் வரும், அதனால் இருட்டில் தனியாகப் போகாதீர்கள். வன்னி நிலம் என்பதையும் மறக்கக் கூடாது, மீன்பிடிகாரரும் மாடு மேய்க்கிறவர்களும் நடந்து நடந்து தேய்ந்த பாதையை விட்டுப் பற்றைக்குள் கால் வைக்க வேண்டாம், கண்ணிவெடி என்று எச்சரிக்கிற சிவப்புப் பலகை கண்டால் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க வேண்டாம். ஊராள் ஒருவர் கூட வராமல் நான் திரும்ப அங்கே போக மாட்டேன்.

வீட்டாரோடு போகிறவர்கள் இரண்டையும் சேர்க்கலாம். ஆண்கள், பெண்கள் யார் தூண்டில்காரரோ அவர்கள் விடியமுன் அலைகரைக்குப் போங்கள், மற்றவர்கள் ஆறுதலாக எழும்பி ஒன்பதரைக்குக் குளக்கட்டுக்கு வரட்டும். அந்த நேரம் உங்களுக்கும் தக்கை அசையாது. மீனை மட்டும் உடனே செதில் எடுத்து, உப்பும் பழப்புளியும் போட்டு இரண்டு தண்ணீரில் கழுவி ஐஸில் வைத்துவிடுங்கள். சேற்று மணம் என்று வீட்டில் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று பயந்துகொண்டுதான் கொண்டுபோனேன், பொரித்து வைத்ததில் இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.