பாதி மாடி பெயிண்ட், பாதி மாடி டைல்ஸ்: மூன்று கோடை பார்த்தபின்

எங்கள் வீடு சத்துவாச்சாரியில், ஹைவேயிலிருந்து இரண்டு தெரு உள்ளே. தரைத்தளம் மட்டும்தான். மேலே மொட்டை மாடி, அதற்கு மேலே நேராகச் சூரியன். வேலூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: சுற்றி மொட்டைப் பாறை மலைகள், கத்திரியில் 42, 43 டிகிரி, ராத்திரி பத்து மணிக்கு ஃபேனைப் போட்டால் தலைமேல் அனல் இறங்கும்.

அந்தப் பத்து மணி அனலைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நாலரை, ஐந்து அங்குல கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேலே விழுந்த சூடு, தளத்தைக் கடந்து கீழே வர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். பொழுது சாய்ந்து வெளியே காற்று வந்தபிறகும் படுக்கையறையில் சீலிங் சுட்டுக்கொண்டிருப்பது அதனால்தான். ஏசி போட்டாலும் பாதி நேரம் அது அறையை விட்டுவிட்டு அந்தத் தளத்தோடுதான் மல்லுக்கட்டுகிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மாடி முழுக்க கூல் டைல்ஸ், அதாவது வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை டைல்ஸ், போடலாம் என்று இறங்கினேன். கணக்கு போட்டதும் பாதியோடு நிறுத்திக்கொண்டேன். மொத்தம் 900 சதுர அடி. படுக்கையறைகளுக்கு மேலே இருக்கும் 450 சதுர அடிக்கு டைல்ஸ். ஹாலும் சமையலறையும் இருக்கும் மீதிப் பாதிக்கு வெள்ளை கூலிங் பெயிண்ட். திட்டம் போட்டுச் செய்த ஆராய்ச்சி இல்லை, கையில் காசு இல்லாததால் அமைந்தது. ஆனால் ஒரே மாடி, ஒரே வெயில், ஒரே தூசி என்பதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீற்றுப் பந்தல்: குளிர்ச்சிக்கு அதை அடிக்க ஆளில்லை, ஆனால் சித்திரையில் ஒரு கோடை மழைக் காற்று அடித்தால் கீற்று பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், தீ பயம் வேறு. பச்சை வலை: சில கோடைக்கு மேல் வலை தாங்காது. சுண்ணாம்பில் பசை கலந்து அடிப்பது: செலவு ரொம்பக் குறைவு, வாடகை வீட்டுக்கு இதுவே போதும், ஒரு மழைக்காலத்தோடு கரைந்துவிடும், அடுத்த பங்குனியில் மறுபடி அடிக்கணும். உடைந்த டைல்ஸ் துண்டுகளைப் பதிப்பது: ஆற்காட்டில் மாமா வீட்டில் அப்படித்தான். நன்றாகவே இருக்கிறது, ஆனால் துண்டுக்குத் துண்டு இடுக்கு, இடுக்குக்கு இடுக்கு அழுக்கு.

ஃபால்ஸ் சீலிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும், ஏனென்றால் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். குடியாத்தத்தில் அக்கா வீட்டில் ஜிப்சம் போர்டு போட்டு, மேலே கண்ணாடிப் பஞ்சு விரித்திருக்கிறார்கள். பகலில் ஏசி போட்டால் அறை சீக்கிரம் குளிர்கிறது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் வெயில் தளத்தில் விழுவதை அது தடுக்கவில்லை. தளம் எப்போதும்போலக் காய்கிறது, பகலில் நீள்கிறது, ராத்திரி சுருங்குகிறது. சுவரும் தளமும் சேருகிற இடத்தில் படுக்கைவாட்டில் ஒரு வெடிப்பு ஓடுமே, அதற்குப் பெரும்பாலும் இந்த நீள்வதும் சுருங்குவதும்தான் காரணம். போர்டு அதை நிறுத்தாது, கண்ணிலிருந்து மறைக்கும். கூடவே ஃபேன் ஒரு அடி கீழே இறங்கிவிட்டது, மேலே எலி ஓடும் சத்தம் இலவசம். சொந்த மாடி இல்லாத அடுக்குமாடிக்காரர்களுக்கு வேறு வழியில்லை, அவர்கள் போடலாம். மாடி உங்களுடையதாக இருந்தால், வெயிலை மேலேயே திருப்பி அனுப்புவதுதான் முறை.

இனி பெயிண்டும் டைல்ஸும்.

முதல் கோடையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. சொல்லப்போனால் பெயிண்ட் பக்கம்தான் இன்னும் வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு இரண்டு பக்கமும் வெறுங்காலோடு நிற்க முடிந்தது. பழைய சிமென்ட் தெரிந்த தண்ணீர் தொட்டி மேடையில் கால் வைத்தால் துள்ளணும். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி தெர்மாமீட்டரை வைத்து அளக்கலாம் என்று ஒரு ஆசை. அது மனுஷ ஜுரத்துக்குச் செய்தது, மாடியைக் காட்டியதும் ‘ஹை’ என்று காட்டி மயக்கம் போட்டுவிட்டது. உள்ளங்கால்தான் கடைசி வரை எனக்குக் கருவி.

புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு, விழுகிற வெயிலில் நூற்றுக்கு 80 பங்கு வரை திருப்பி அனுப்பும். வெறும் சிமென்ட் தளம் 30 பங்கு அனுப்பினாலே அதிகம். கடைக்காரர் இதைச் சொல்வார், உண்மைதான். அந்த 80 அழுக்கேற அழுக்கேறக் குறையும் என்பதைச் சொல்லமாட்டார். பெயிண்டோ டைல்ஸோ, வெள்ளையாக இருக்கிறவரைதான் வேலை செய்யும். அப்புறம் கேள்வி, எதை வெள்ளையாக வைத்துக்கொள்ள முடியும் என்பதுதான். என் முடிவு முழுக்க இதில்தான் நிற்கிறது.

ஹைவே லாரித் தூசி எங்கள் தெருவில் தினமும் இறங்கும். பெயிண்ட் தொட்டுப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி லேசாகச் சொரசொரக்கும். அந்தச் சொரசொரப்பில் தூசி உட்கார்ந்தால் எழுந்திருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கும் மூலைகளில் கறுப்பாகப் பாசி படிந்தது. மாசியில் துடைப்பமும் சோப்புத்தூளும் எடுத்துக்கொண்டு ஏறினால், மெதுவாகத் தேய்த்தால் அழுக்கு போகவில்லை, அழுத்தித் தேய்த்தால் பெயிண்டே போனது. தண்ணீரும் குடம் குடமாகக் குடிக்கும், அதுவும் கோடை தொடங்குகிற நேரத்தில். காவிரித் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் குறித்து வைக்கிற ஊரில் மாடிக்கு எத்தனை குடம் ஊற்றமுடியும்?

டைல்ஸ் பக்கம் ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு மாப். அரை மணி நேரத்தில் பழைய வெள்ளை திரும்பிவிடுகிறது. இரண்டாம் கோடையிலேயே நடுவில் கோடு கிழித்த மாதிரி இருந்தது: இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கம் டீக்கறை. அந்த வருஷம்தான் ஹால் பக்கம் ராத்திரி அனல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. மூன்றாம் கோடையில் பெயிண்ட் அங்கங்கே வட்டமாக உரிந்தது. இதில் என் தப்பும் உண்டு. அடிக்கும்போது தளம் நன்றாகக் காயவில்லை, முந்தின வாரம் ஒரு மழை பெய்திருந்தது, அவசரப்பட்டேன். நீங்கள் பொறுமையாக, நல்ல கம்பெனி பெயிண்டை, நன்றாகக் காய்ந்த தளத்தில் இரண்டு கோட் அடித்தால் ஐந்து வருஷம்கூட ஓடலாம். ஹைவே தூசி இல்லாத கிராமத்து வீட்டுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது.

காசு. பெயிண்டுக்குக் கூலியோடு சதுர அடிக்கு 30 ரூபாய் ஆனது, டைல்ஸுக்கு எல்லாம் சேர்த்து 110. அதாவது 13,500-க்கு எதிரே 49,500. பார்த்த உடனே பெயிண்டுதான் தோன்றும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அடித்தால் பத்து வருஷத்தில் நான்கு தடவை, இன்றைய விலையிலேயே 54,000. வருஷா வருஷம் கழுவுகிற கூலி இதில் இல்லை, நானே கழுவுவதால்.

கரண்ட் பில்லில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் ஒரு கணக்கு. 501 ஆனால் 101 முதல் 200 வரைக்குமான குறைந்த விலையும் சேர்ந்து போய்விடும், ஒரு யூனிட்டுக்காக மொத்த பில்லும் தாவும். முன்பெல்லாம் கோடை பில் 500-ஐத் தாண்டாமல் வந்ததே இல்லை. போன வருஷம் தாண்டவில்லை. படுக்கையறை ஏசியை பன்னிரண்டு மணிக்கு நிறுத்திவிட்டு ஃபேனில் தூங்க முடிந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். பையன் ஹாஸ்டலுக்குப் போனதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

டைல்ஸின் வம்புகளையும் சொல்லணும். முதலாவது எடை. அடியில் ஒரு அங்குலக் கலவை, மேலே கல், சேர்த்து சதுர அடிக்கு ஆறு, ஏழு கிலோ. என் பாதி மாடிக்கே கிட்டத்தட்ட மூன்று டன். கட்டையும் செங்கலும் சுண்ணாம்புமாகக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில், ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டாமல் இதைத் தொடவே கூடாது. இரண்டாவது, ஒழுகினால் இடம் கண்டுபிடிப்பது பெரும்பாடு. பெயிண்டில் வெடிப்பு கண்ணுக்குத் தெரியும்; டைல்ஸுக்கு அடியில் தண்ணீர் ஒரு மூலையில் நுழைந்து இன்னொரு மூலையில் சொட்டும். ஒழுக்கு இருந்தால் முதலில் அதை அடைத்துவிட்டுப் போடுங்கள். மூன்றாவது கண் கூச்சம். எதிர்வீட்டு மாடிக்காரர் ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கிவிட்டார்.

வேலை எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். எங்கள் மேஸ்திரி முதல் வரிசை காய்ந்ததும் சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, மரப்பிடியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே போனார். ‘டக், டக், டக்’ என்று கெட்டியாக வந்த சத்தம் ஒரு கல்லில் ‘டொப்’ என்றது. குனிந்து இன்னொரு தடவை தட்டினார். “இன்னா சார், கேட்டீங்களா? அடில காத்து பூந்துக்கினு கீது. மழ வந்தா தண்ணியும் பூந்துக்கும்” என்று அந்தக் கல்லைப் பெயர்த்து, கலவையைச் சுரண்டிவிட்டு மறுபடி பதித்தார். அப்படி மொத்தம் பதினோரு கல் எடுத்தார். தட்டிப் பார்க்காத ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். வாட்டமும் அப்படித்தான்: ஒரு குடம் தண்ணீரைத் தூர மூலையில் கொட்டி, அது தானாகக் குழாய்க்குப் போகிறதா என்று பார்த்தபிறகு கூலி கொடுங்கள். கல் வாங்கும்போது வழவழப்பான தரை டைல்ஸை எடுத்துவிடாதீர்கள், முதல் மழையில் வழுக்கி விழுவீர்கள்.

வீட்டில் டைல்ஸை ஏற்காத ஒரே ஆள் அம்மா. வடகம் முன்பு இரண்டு வெயிலில் காய்ந்துவிடுமாம், இப்போது அடியில் சூடே இல்லாததால் மூன்று நாள் ஆகிறதாம். பெயிண்ட் பக்கம் விரித்துப் பார்த்தார்கள், புடவையில் வெள்ளைத்தூள் ஒட்டிக்கொண்டது. இப்போது தொட்டி மேடைதான் வடகத்துக்கு.

தை பிறந்ததும் மீதிப் பாதிக்கும் டைல்ஸ் போட மேஸ்திரியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். பெயிண்ட் மேலேயே கலவையைப் போட்டால் பிடிக்காதாம், முழுக்கச் சுரண்டி எடுத்து, தளத்தைக் கொத்திவிட வேண்டுமாம். அதற்கு நான்கு ஆள் கூலி தனி. பின்னால் டைல்ஸ் போடும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், அதுவரை சுண்ணாம்பு அடித்தே ஓட்டுங்கள்.