சம்பாதிப்பதா, பரிசாகப் பெறுவதா, பிடுங்குவதா? மூன்று பழைய ரேஸிங் கேம்கள், மூன்று வித கராஜ்கள்

கிரான் டுரிஸ்மோ 2, ரிட்ஜ் ரேசர் டைப் 4, நீட் ஃபார் ஸ்பீடு: மோஸ்ட் வாண்டட். பழைய பிளேஸ்டேஷனோ பிளேஸ்டேஷன் 2-ஓ வைத்திருக்கும் யாராவது இவற்றில் எதை முதலில் ஆடலாம் என்று கேட்டால், பதிலுக்கு நான் ஒன்றைத்தான் கேட்பேன். கார் எப்படிக் கைக்கு வந்தால் உங்களுக்குப் பிடிக்கும்? காசு சேர்த்து வாங்கினாலா, ஓட்டிய விதத்தைப் பார்த்து டீம் கொடுத்தாலா, தோற்றவனிடமிருந்து பிடுங்கினாலா? கிராஃபிக்ஸ், சத்தம், டிராக் எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். எத்தனை நாள் ஒரு கேமோடு ஒட்டிக்கொண்டிருப்பீர்கள் என்பதை இந்தக் கேள்விதான் முடிவு செய்கிறது.

கிரான் டுரிஸ்மோ 2, 1999 டிசம்பரில் வந்தது. உடனே ஓட்டிப் பார்க்கும் ஆர்கேடுக்கு ஒரு டிஸ்க், கார் வாங்கி வளரும் சிமுலேஷனுக்கு ஒரு டிஸ்க். கிட்டத்தட்ட 650 கார்கள். இத்தனையும் கண்ணில் பட, உங்கள் கையில் இருப்பதோ 10,000 கிரெடிட், அதாவது கேமுக்குள் ஓடும் காசு. செகண்ட் ஹேண்ட் பக்கம் போவதைத் தவிர வேறு வழியில்லை. அங்கே ஜப்பானியக் கம்பெனிகளின் பழைய கார்கள் வரிசையாக நிற்கும். கேமுக்குள் நாட்கள் நகர நகர அந்த வரிசையும் மாறும். நேற்று பார்த்து வைத்த கார் இன்று இருக்காது. அப்படிப் பொறுக்கி எடுத்த வண்டிக்கு முதலில் மஃப்ளர், அடுத்த ரேஸில் ஜெயித்த காசில் டயர், அதற்கடுத்து டர்போ என்று ஏற்றிக்கொண்டே போகும்போது அதன் மீது வரும் பாசம் தனி. பின்னால் பத்து மடங்கு விலையில் வாங்கும் கார் மீதுகூட அது வராது.

காசு மட்டும் இருந்தால் போதாது, லைசென்ஸும் வேண்டும். பி, ஏ, ஐசி, ஐபி, ஐஏ, எஸ் என்று ஆறு. ஒவ்வொன்றிலும் பத்துச் சோதனை. வெண்கலம் எடுத்தாலே பாஸ். ஒரு லைசென்ஸின் பத்திலும் தங்கம் எடுத்தால் ஒரு கார் பரிசு. இந்தத் தங்கத்துக்கு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டும். காருக்காகக்கூட இல்லை. நேரான ரோட்டிலேயே பிரேக்கை முடித்துவிட்டு, வளைவின் பாதியில் மெல்ல ஆக்சிலரேட்டரைத் திறக்கும் பழக்கம் அங்கேதான் கை விரலில் ஏறுகிறது.

குறை என்னவென்றால், இந்தப் பொருளாதாரம் சீக்கிரமே உடைந்துவிடும். பரிசாகக் கார் தரும் ரேஸைத் திரும்பத் திரும்ப ஜெயித்து, வரும் காரை விற்றுக்கொண்டே இருக்கலாம். காசு குவிந்ததும் சுஸூகி எஸ்குடோ பைக்ஸ் பீக் மாதிரி ஒன்றை வாங்கிவிட்டால், குதிரைத்திறனுக்கு வரம்பு இல்லாத ரேஸ்கள் எல்லாம் தூக்கத்தில் ஓட்டுவது போலத்தான். 600 கார் மிச்சம் இருக்கும், ஓட்ட வேண்டிய காரணம் இருக்காது. போதாக்குறைக்கு, முதலில் வெளியான அமெரிக்கப் பதிப்பில் 98.2 சதவீதத்துக்கு மேல் கேமை முடிக்கவே முடியாதபடி ஒரு பிழை வேறு. எல்லாவற்றையும் சேர்க்கத் துடிப்பவருக்கு இதைவிடக் கொடுமை கிடையாது.

டைப் 4-இல் காசு என்ற பேச்சே இல்லை. 1998 டிசம்பரில் ஜப்பானிய கேம் கம்பெனி நாம்கோ வெளியிட்டது. நான்கு டீம், நான்கு கார் கம்பெனி; இரண்டிலும் ஒவ்வொன்றைத் தேர்ந்தெடுத்து, கிராண்ட் பிரி என்ற தொடரில் எட்டு ரேஸ் ஓட வேண்டும். முதல் இரண்டில் மூன்றாம் இடம் போதும், அடுத்த இரண்டில் இரண்டாம் இடமாவது வேண்டும், கடைசி நான்கிலும் முதலிடம்தான். இடையிடையே டீம் புதுக் கார் தரும். எந்தக் கார் என்பது நீங்கள் எத்தனையாவது வந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. நன்றாக ஓட்டினால் நல்ல கார். தட்டுத்தடுமாறித் தேறினால் சுமாரான கார், அதோடு மேனேஜரின் முகச்சுளிப்பும்.

மொத்தம் 321 கார்கள். ஒரே உடம்பு பல பெயரில், பல வண்ணத்தில் வருவதால் இந்த எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். எல்லாக் காரையும் சேர்க்க நினைப்பவர் சில ரேஸ்களில் வேண்டுமென்றே மூன்றாவதாக வந்தாக வேண்டும் என்பதுதான் இங்கே விசேஷம். வேறெந்த ரேஸிங் கேமிலும் தோல்விக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை. ஜெயிக்கத் தெரிந்த கைக்கு, கோட்டுக்குச் சற்று முன்னால் சரியாக இரண்டு பேரை மட்டும் விட்டுக்கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். 320 காரையும் சேர்த்து முடித்தால் கடைசியாக வருவது பேக்மேன் ஓட்டும் கார். டீம்களின் பெயர்கள்கூட மேப்பி, பேக்மேன், ஸெவியஸ், டிக் டக் என்று நாம்கோவின் பழைய கேம்களிலிருந்து வந்தவைதான். இந்தக் குறும்பு நாம்கோவுக்குப் புதிதல்ல. 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷனோடு சேர்ந்தே வந்த முதல் ரிட்ஜ் ரேசரில், லோட் ஆகும் நேரத்தில் கேலக்ஸியன் என்ற அவர்களின் பழைய சுடும் கேமை ஆடலாம். எதிரிகள் அத்தனை பேரையும் சுட்டு முடித்தால் கூடுதலாக எட்டுக் கார்கள். ரேஸ் தொடங்கும் முன்பே அன்லாக்!

மோஸ்ட் வாண்டட் என்று நான் சொல்வது 2005-இல் வந்ததை. 2012-இல் அதே பெயரில் வந்த கேமில் பெரும்பாலான கார்கள் தெருவோரம் நிறுத்தியே கிடக்கும். கண்டுபிடித்து ஏறிக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு அது ருசிக்கவில்லை. 2005 கேமில் பிளாக்லிஸ்ட் என்ற எதிராளிகள் பட்டியலில் பதினைந்து பேர். ஒவ்வொருவரையும் சவாலுக்கு இழுக்கவே குறிப்பிட்ட ரேஸ்களை ஜெயித்து, போலீஸை அலைக்கழித்துத் தலைக்கு விலை ஏற்றிக்கொள்ள வேண்டும். தோற்கடித்ததும் ஆறு மார்க்கர்கள், அதாவது பரிசுக் குறிகள் வரும், இரண்டை எடுக்கலாம். மூன்றில் என்ன இருக்கிறது என்று தெரியும். மற்ற மூன்றும் கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறிகளில் ஒன்றில்தான் எதிராளியின் காரை உங்களுடையதாக்கும் உரிமைச் சீட்டான பிங்க் ஸ்லிப். இரண்டு தேர்வையும் கேள்விக்குறிகளிலேயே போட்டால் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. ஆனால் நல்ல எஞ்சின் பாகத்தைக் கைவிட வேண்டியிருக்கும். ஷோரூம் கார் ஏற்கெனவே பிடித்திருந்தால் பாகத்தை எடுங்கள். என் கை மட்டும் எப்போதும் கேள்விக்குறிக்கே போகும். எதிராளியின் வண்டியில் ஏறி அவனுக்கு அடுத்தவனைத் துரத்துவதில் ஒரு அற்ப சந்தோஷம் இருக்கிறது, மறுக்க மாட்டேன்.

மற்ற இரண்டிலும் இல்லாத ஒன்று இங்கே உண்டு: கிடைத்த கார் கையை விட்டும் போகும். போலீஸிடம் அடிக்கடி சிக்கினால் வண்டி பறிமுதல். அதற்கு மேல், கேம் ஆரம்பிப்பதே உங்கள் பிஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆரை ரேஸர் (Razor) என்ற வில்லனிடம் பறிகொடுப்பதில்தான். புதுக் கார் எத்தனை வந்தாலும் கண் அந்த நீலம், வெள்ளி நிறக் காரிலேயே நிற்கும்.

மூன்றில் ஒன்று என்றால் என் ஓட்டு டைப் 4-க்கு. ஆழம் என்று பார்த்தால் கிரான் டுரிஸ்மோ 2 எங்கேயோ இருக்கிறது. மாதக்கணக்கில் நேரம் உள்ளவர்கள் தயங்காமல் அதற்கே போகலாம். கோபமும் விரட்டலும் வேண்டும் என்பவர்களுக்கு மோஸ்ட் வாண்டட். டைப் 4-இல் ஒரு கிராண்ட் பிரி ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஒவ்வொரு ரேஸின் முடிவும் கராஜில் எங்கோ பிரதிபலிக்கும். முதல் சுற்றுக்கு மைக்ரோ மவுஸ் மேப்பி டீமும் ஏஜ் சோலோ காரும் எடுங்கள். டீம்களில் அதுதான் எளிது, ஏஜ் சோலோ வளைவில் வழுக்காமல் பிடித்துக்கொண்டு போகும். வளைவில் வழுக்கியபடியே திரும்பும் டிரிஃப்ட் பழக லிசார்ட், அசொலுட்டோ என்ற இரண்டு கம்பெனிகளும் காத்திருக்கின்றன. டிக் ரேஸிங் டீமை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.